வெயில் ஊரை விட்டு மலைக்கு ஏறுகிறவர்கள்

யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: "இங்கே வெயில் வருடத்துக்கு வருடம் தாங்க முடியாமல் போகிறது. சின்ன மகனுக்குத் தொய்வு (ஆஸ்துமா). இவர் ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. நுவரெலியா, பண்டாரவளை என்று போய்க் குடியேறுகிறவர்கள் எதற்காகப் போகிறார்கள்? குளிருக்காகத்தானா? நாங்களும் போகலாமா?"

கேள்வி சின்னது, பதில் நீளும். நான் நுவரெலியாவில் பிறந்து வளர்ந்தவன். முப்பது வருடம் புவியியல் படிப்பித்துவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறையும் ஒரு குசினியுமாகச் சின்ன அனெக்ஸ் ஒன்று உண்டு. இருபது வருடமாக அதில் வெளியூர் ஆட்கள்தான் வாடகைக்கு இருக்கிறார்கள். வட்டுக்கோட்டை, மட்டக்களப்பு, வெள்ளவத்தை, புத்தளம் என்று இதுவரை பதினொரு குடும்பம். எல்லாருமே வந்த மறுநாள் காலையில் ஒரே விஷயத்துக்குத்தான் எங்கள் கதவைத் தட்டுவார்கள்: போத்தலைக் கவிழ்த்தாலும் தேங்காய் எண்ணெய் வரவில்லை. 24 பாகைக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறைய ஆரம்பிக்கும். எங்கள் ஊரில் பகலிலேயே அந்தச் சூடு அபூர்வம். மனைவி வாய் அகன்ற போத்தல் ஒன்றையும் ஒரு கரண்டியையும் கொடுத்து அனுப்புவார். குடிவந்ததற்கு அதுதான் எங்கள் வீட்டுச் சடங்கு.

அந்தப் பதினொன்றில் குளிருக்காகவே வந்தவை இரண்டு குடும்பம். இரண்டுமே இரண்டாவது மழைக்காலத்தைப் பார்க்காமல் இறங்கிவிட்டன. மற்ற ஒன்பதும் வேலை, கல்யாணம், பிள்ளைகளின் படிப்பு, வியாபாரம், நோய் என்று வந்தவை. அதில் பாதிக்கு மேல் இன்றும் மலையில்தான் இருக்கின்றன. என் பதிலின் சாரம் இதில் இருக்கிறது. ஆனால் ஏன் அப்படி என்று சொல்லாவிட்டால் உங்களுக்கு உதவாது.

முதலில் கணக்கு. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறரைப் பாகை குறையும். யாழ்ப்பாணத்தின் வருடச் சராசரி 28 பாகை அளவு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பெருக்கிக் கழித்தால் 16 வரும், இங்கே உண்மையான சராசரியும் அதுதான். வகுப்பில் இதைச் செய்து காட்டினால் பிள்ளைகள் ஏதோ கைவித்தை பார்த்ததுபோலச் சிரிப்பார்கள். பண்டாரவளை 1,230 மீற்றர் அளவு, ஹட்டன் அதைவிடச் சற்றுக் கூட, இரண்டும் 20 பாகையை ஒட்டியவை. பதுளை எழுநூறுக்கும் கீழே. கண்டி ஐந்நூறு மீற்றர்தான், அதைக் குளிர் ஊர் என்று நம்பி வருகிறவர் மார்ச் மாதத்தில் வியர்த்துக் கொட்டுவார்.

சராசரி ஒரு ஏமாற்று வேலை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஜனவரி, பெப்ரவரியில் இங்கே பகல் வெயில் சுள்ளென்று அடிக்கும், இரவில் பூச்சியத்தை நெருங்கும். விடிய எழுந்து பார்த்தால் புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல வெள்ளை. உருளைக்கிழங்கு இலையும் தேயிலைக் கொழுந்தும் அந்தப் பனியில் கருகும். இதைப் பார்க்கத்தான் ஆட்கள் வருகிறார்கள், படம் எடுக்கிறார்கள், இங்கேயே இருந்துவிடலாமா என்று கேட்கிறார்கள். ஜூன், ஜூலையில் வெப்பமானி அவ்வளவு இறங்காது. பகலும் இரவும் பெரிய வித்தியாசமில்லாமல் ஒரு ஈரக் குளிர், விடாத தூறல், காற்று. வாரக்கணக்கில் சூரியன் முகம் காட்டாது. கீழேயிருந்து வந்தவர்களைத் திருப்பி அனுப்புவது இந்த ஜூன்தான்.

குளிரைத் தேடியே இந்த மலைக்கு முதலில் வந்தவர்கள் வெள்ளைக்காரர்கள். 1819இல் ஜோன் டேவி என்ற இராணுவ வைத்தியர் இந்தப் பக்கம் வந்துபோய் எழுதினார். பிறகு தேசாதிபதியாக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் இங்கே தனக்கு வீடு கட்டினார், இன்றைய கிராண்ட் ஹோட்டல் அதிலிருந்து வளர்ந்தது. காய்ச்சலில் விழுந்த சிப்பாய்களைத் தேற்றி எடுக்கவும் இடம் அமைத்தார். கீழ்நாட்டு மலேரியாவுக்கு அவர்கள் அவ்வளவு பயந்தார்கள். அந்தக் காய்ச்சலுக்கு மருந்தான சிங்கோனாவைப் பயிரிடத்தான் 1861இல் ஹக்கலையில் தோட்டமே போட்டார்கள். இன்று நாம் பூப் பார்க்கப் போகும் அதே ஹக்கலை. சாமுவேல் பேக்கர் என்ற துரை 1840களின் கடைசியில் ஆட்களையும் மாடுகளையும் ஏர்களையும் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்து இங்கே ஒரு ஆங்கிலக் கிராமத்தையே உண்டாக்கப் பார்த்தார். சில வருடத்தில் அவரும் போய்விட்டார். மரக்கறிதான் மிஞ்சியது.

மலையகத் தமிழரான எங்கள் ஆட்கள் வந்த கதை வேறு. 1820களில் கோப்பித் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கத் தொடங்கியபோது வந்தவர்கள் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம், இராமநாதபுரம் பக்கத்துக் காய்ந்த மண்ணின் ஜனங்கள். தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வழியில் செத்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ண ஆளில்லை. 2023இல் அந்த இருநூறு வருடத்தை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஆட்கள் மறுபடி நடந்தார்கள். வேர்வை காயாத ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இந்தக் குளிர் எப்படி இருந்திருக்கும்! எங்கள் அப்பாயி அவருடைய அப்பாயி சொன்னதாக ஒன்று சொல்லுவார்: "குளிருக்குக் கம்பளி குடுத்தாங்க, கம்பளிக்குக் கடன் எழுதுனாங்க." உண்மைதான். வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் கடன் கணக்கில் ஏறும். கடன் தீர்ந்தது என்று துண்டு எழுதிக் கொடுக்காவிட்டால் இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல்தான் அந்தத் துண்டு முறை ஒழிந்தது. சூடான இடத்தை விட்டுக் குளிருக்கு வந்த மிகப் பெரிய கூட்டம் நாங்கள்தான். அதில் ஒருவர்கூடக் குளிருக்கு ஆசைப்பட்டு வந்திருக்க மாட்டார்.

இன்றைக்கு வருகிறவர்களில் பெரும்பகுதி உத்தியோகக்காரர். தோட்டப் பள்ளிகளை 1977 முதல் அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்றபோது ஆசிரியர்கள் போதவில்லை. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் நிறையப் பேர் வந்தார்கள். எனக்கே கணிதம் படிப்பித்தவர் பருத்தித்துறைக்காரர். பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்து எங்கள் பிள்ளைகளும் ஆசிரியர் ஆன பிறகு அந்த வரத்துக் குறைந்தது, நிற்கவில்லை. வங்கி, ஆஸ்பத்திரி, பிரதேச செயலகம் என்று இடமாற்றத்தில் வருகிறவர்கள் எப்போதும் உண்டு.

இதில் எங்களுக்கு ஒரு மனக்குறை இருக்கிறது, மறைக்கவில்லை. கட்டாய வருடங்களை முடித்துக்கொண்டு ஊருக்கு மாற்றம் வாங்கிப் போகிறவர்கள் பாதியில் விட்டுப்போவது வகுப்பை. நான் வேலை செய்த ஒரு பள்ளியில் ஒரே வருடத்தில் மூன்று கணித ஆசிரியர்கள் மாறினார்கள். மூன்றாமவர் வந்தபோது பிள்ளைகள் பெயர்கூடக் கேட்கவில்லை, "சார், நீங்க எப்ப போவீங்க?" என்றுதான் கேட்டார்கள்.

அப்படிப் போவார் என்று நான் நினைத்த ஒருவர் எங்கள் அனெக்ஸுக்கு முதன்முதலில் வந்தார். வட்டுக்கோட்டைப் பொடியன், முதல் நியமனம். ஒரு பெட்டி, ஒரு பாய், ஒரு மேசை விசிறி. விசிறியைப் பார்த்து என் மனைவி சிரித்த சிரிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. "இரவில காத்து இல்லாட்டி எனக்கு நித்திரை வராது அன்ரி" என்றார். மூன்றாம் நாள் இரண்டு கம்பளி கேட்டு வாங்கிக்கொண்டு போனார். ஜூனில் பார்த்தால் அந்த விசிறி சுழல்கிறது. கயிற்றில் தொங்கிய காற்சட்டையைப் பார்த்துச் சுழல்கிறது! இப்போது எங்கள் வீட்டிலும் மழைக்காலத்தில் பேரப்பிள்ளையின் பள்ளிச் சட்டையை விசிறி வைத்துத்தான் காயவைக்கிறோம். அவர் கூடப் படிப்பித்த கந்தப்பளைப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கேயே நின்றுவிட்டார். ஊருக்கு மாற்றம் இரண்டு தரம் கிடைத்தும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். குளிர் பிடித்துப்போனதா என்று ஒருநாள் கேட்டேன். "இல்ல சேர், குளிர் இப்பவும் பிடிக்காது. இங்க ஆக்கள் என்னை மாஸ்டர் எண்டு தேடி வருகினம்" என்றார்.

கல்யாணத்தில் வருகிறவர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதல் வருடம் அம்மா வீட்டுக்கு அடிக்கடி போவார்கள், அப்புறம் பழகிவிடும்.

படிப்புக்காக வருகிறவர்களை மட்டும் கொஞ்சம் சந்தேகமாகப் பார்க்கிறேன். நம் நாட்டில் மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளுக்கு 40 வீதம் நாடளாவிய திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டக் கோட்டாவிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்குமாக இடம் பிரிக்கிறார்கள். நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உண்டு, வெட்டுப்புள்ளியும் கொழும்பைவிடக் கீழே நிற்கும். கணக்குப் போட்டுப் பிள்ளையை இங்கே கொண்டுவந்து சேர்க்கும் பெற்றோர் இருக்கிறார்கள். கடைசி வருடம் மட்டும் வந்து பரீட்சை எழுதினால் செல்லாது, முன்பிருந்தே இந்த மாவட்டத்தில் படித்திருக்க வேண்டும். அப்படிச் சட்டப்படி வந்தாலும், போகிற அந்த ஓர் இடம் ஏதோ ஒரு தோட்டத்துப் பிள்ளையின் இடம். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்து அறையில் ஒற்றை பல்பில் படித்த பிள்ளைக்காக வைத்த கோட்டா அது. நான் ஆசிரியன், இதில் நடுநிலை எனக்கு வராது.

இனி நோய். உங்கள் மகன் விஷயம் இதில்தான் வருகிறது, அதனால் நின்று சொல்கிறேன்.

"மலைக்காற்று சுவாசத்துக்கு நல்லது" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். மலைக்கு இரண்டு பக்கம் இருக்கிறது, இரண்டிலும் வேறு வேறு காற்று. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஈரத்தைச் சுமந்துவந்து மேற்குச் சரிவில் கொட்டும். வட்டவளை, கினிகத்தேனை, மஸ்கெலியா, ஹட்டன் எல்லாம் அந்தச் சரிவு. வட்டவளைப் பக்கத்தில் வருடத்துக்கு ஐயாயிரம் மில்லிமீற்றரையும் தாண்டும், யாழ்ப்பாணத்து மழையைப் போல நாலு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே காற்று மலையைத் தாண்டிப் பதுளை, பண்டாரவளை இருக்கும் ஊவாப் பக்கம் இறங்கும்போது ஈரம் முழுவதையும் இழந்து காய்ந்துபோய் இறங்கும். ஜூலையில் ஹட்டனில் குடை விரித்து ரயில் ஏறி, பட்டிப்பொலைக்கு அப்பால் சுரங்கத்தைத் தாண்டினால், பல நாட்களில் அந்தப் பக்கம் வெயில் அடிக்கும். ஊவாத் தேயிலைக்கு வாசம் ஏறுவதும் அந்த மாதங்களில்தான். ஊவாவின் மழை பிறகு ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை.

மட்டக்களப்பிலிருந்து வங்கி வேலைக்கு வந்த ஒரு தம்பிக்கு ஒருநாள் இதைப் படம் கீறிக் காட்டினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப எங்கட ஊரில அடிக்கிற கச்சான் இங்க இருந்துதான் வருகுதா?" என்றார். ஆமாம், அதுதான். எங்கள் மழையைப் பிழிந்து எடுத்த பிறகு மிஞ்சும் சூட்டுக் காற்றுத்தான் உங்கள் கச்சான் என்றேன். அவருக்கு ஐந்து வயதில் ஒரு மகள், தொய்வுக்காரப் பிள்ளை. ஊரில் தூசியாலும் புழுக்கத்தாலும் கஷ்டப்பட்டவள், இங்கே குளிர் காற்று நல்லது செய்யும் என்றுதான் குடும்பத்தையும் கூட்டி வந்திருந்தார். ஜனவரியில் வந்தார்கள், மார்ச் வரைக்கும் பிள்ளை நன்றாக இருந்தாள். ஜூன் பிறந்ததும் சுவரில் ஈரம் ஏறியது, அலுமாரிக்குப் பின்னால் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம். கதவு ஜன்னலைத் திறக்க முடியாத குளிர், மூடிய அறைக்குள் ஈரத் துணி. பிள்ளைக்கு முட்டு வந்து நடு இரவில் இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சுவரை நான் அதற்கு முந்திய வருடமே பூசியிருக்க வேண்டும், பிழை என்னுடையதும்தான்.

வைத்தியர் சொன்னது எளிமையான விஷயம்: குளிர்ந்த காற்று சுவாசக் குழாயைச் சுருக்கும், பூஞ்சணமும் தூசிப் பேனும் ஈர வீட்டில் பெருகும், விறகுப் புகை அதற்கு மேல். அந்தத் தம்பி வங்கியில் கேட்டுப் பண்டாரவளைக்கு மாற்றம் வாங்கினார். அங்கே காய்ந்த, மிதமான காற்று. பிள்ளை இப்போது பெரியவள், வலைப்பந்து விளையாடுகிறாள். அதற்காகப் பண்டாரவளை எல்லாத் தொய்வையும் மாற்றும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் மகனுக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதை அவனைப் பார்க்கும் வைத்தியரிடம் கேளுங்கள். தூசியா, மகரந்தமா, குளிரா? குளிரே காரணம் என்றால் மலை பக்கமே வேண்டாம். இன்னொன்று: குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் பிரஷர் ஏறும். உங்கள் வீட்டுக்காரர் அதற்கு மருந்து எடுக்கிறவர் என்றால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

குளிருக்காகவே வந்த இரண்டு குடும்பம் என்றேனே. ஒன்று வெள்ளவத்தையிலிருந்து ஓய்வு பெற்று வந்த அண்ணரும் அக்காவும். பிள்ளைகள் ரொறன்ரோவில். அங்கே போய் இருந்துவிட்டு வந்ததால் இந்தக் குளிர் ஒரு பொருட்டே இல்லை என்றார்கள். வீட்டுக்குள் அவர்கள் பட்ட பாடு வேறு. கனடாவில் வீட்டைச் சூடாக்குகிறார்கள், இங்கே எங்கள் வீடுகளில் வெளியே 12 பாகை என்றால் உள்ளே 14. கரண்ட் ஹீட்டர் ஒன்று வாங்கினார்கள், அடுத்த மாத பில்லைப் பார்த்ததும் அதைத் துணி போட்டு மூடி வைத்துவிட்டார்கள். அக்காவுக்கு முழங்கால் வலி. அதைவிடக் கோயிலுக்கும் கடைக்கும் தெரிந்த முகம் இல்லாத குறை. ஒன்றரை வருடத்தில் கிளம்பினார்கள். மற்றது கொழும்பில் கணினி வேலை செய்யும் இளம் ஜோடி. கொரோனாவுக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்றதும், வெயிலும் புகையும் வேண்டாம் என்று ஏறி வந்தார்கள். மூடுபனியில் ஜன்னலோரம் கோப்பியோடு உட்கார்ந்து வேலை செய்யும் ஆசை. பனிமூட்டம் என்றால் கூடவே கரண்ட் போகும், இணையம் விழும். அவர்கள் ஒரு ஜூலையோடு போய்விட்டார்கள். நல்ல பிள்ளைகள், தீபாவளிக்கு இப்போதும் பேசுவார்கள்.

எதிர்ப் பக்கமாகப் போனவர்களையும் பார்த்தால்தான் உங்கள் கேள்விக்கு முழுப் பதில் வரும். 1948இல் எங்கள் ஆட்களின் குடியுரிமை பறிபோனது. 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டவர்களை இந்தியாவுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தது. போனவர்களில் நிறையப் பேர் சமவெளியில் நிற்காமல் நீலகிரிக்கு, கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் ஏறினார்கள். இவர்களுக்கென்றே தமிழ்நாட்டு அரசு அங்கே தேயிலைத் தோட்டங்கள் போட்டது, இன்று டான்டீ என்று சொல்கிறார்களே அது. கொழுந்து பறிக்கத் தெரிந்த கை கொழுந்து இருக்கும் மலையைத் தேடிப் போனது. அதே காலத்தில் இன்னொரு கூட்டம் இங்கிருந்து நேரே வெயிலுக்கு இறங்கியது. 1970களின் தோட்டத்துப் பட்டினி, தமிழருக்கு எதிரான 1977 கலவரம், பிறகு 1983 கலவரம். வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள். கிளிநொச்சியில் பாரதிபுரம், மலையாளபுரம் பக்கம் போய்க் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்குத் தலவாக்கலையிலோ பதுளையிலோ மாமன் மச்சான் இருப்பார்கள். என் சொந்தச் சித்தப்பா அப்படிப் போனவர்தான். அடித்துத் துரத்தாத இடமும் கால் ஏக்கர் சொந்தக் காணியும் கிடைத்தால் முப்பத்தைந்து பாகையும் ஒரு பொருட்டில்லை என்பார். கடைசிவரை இரவில் கம்பளி மட்டும் கேட்பார், காலில் போட்டுக்கொள்ள.

காணி என்றதும் ஞாபகம் வருகிறது, நீங்கள் இங்கே வாங்கும் யோசனையில் இருந்தால் கவனமாக வாசியுங்கள். யாழ்ப்பாணத்தில் பரப்புக் கணக்கில் காணி பார்த்த கண்ணுக்கு இங்கே பேர்ச்சஸ் கணக்கு நெஞ்சடைக்கும். உங்கள் ஒரு பரப்பு எங்கள் 10 பேர்ச்சஸ். மலையில் இவ்வளவு பச்சை தெரிகிறதே, காணிக்கா பஞ்சம் என்று தோன்றும். அந்தப் பச்சையில் பெரும்பகுதி அரசுக்குச் சொந்தமான தோட்டக் காணி. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் அரசுடைமையாகி, 1992இலிருந்து கம்பனிகளின் கையில் இருக்கிறது. நூற்றைம்பது வருடமாக அதில் வேலை செய்த குடும்பமே 7 பேர்ச்சஸுக்கும் ஓர் உறுதிக்கும் இன்னும் காத்திருக்கும் ஊர் இது. அதனால் தனியார் காணி கொஞ்சம், விலை அதிகம், பொய் உறுதியும் உலாவும். "தோட்டத்துக் காணிதான், பிறகு எழுதிக்கலாம்" என்று யாராவது சொன்னால் பிளேன்டியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

சரிவு இன்னும் பெரிய விஷயம். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் ஒரே நேரத்தில் எத்தனையோ இடங்களில் மலை இறங்கியது. ரயில் பாதையே அறுந்தது. எங்கள் தெருவில் நாலு நாள் கரண்ட் இல்லை, மேலே எது நகர்கிறதோ என்று இரவு முழுக்கக் காது கொடுத்துக்கொண்டு இருந்தோம். காணி பார்க்கும்போது காட்சியைப் பார்க்காதீர்கள், மேலே இருக்கும் சரிவைப் பாருங்கள். மரங்கள் சாய்ந்து வளர்ந்திருக்கிறதா, பக்கத்து வீட்டுச் சுவரில் புது வெடிப்பு உண்டா, மழை விட்ட பிறகும் புது ஊற்று வழிகிறதா? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை இல்லாமல் கட்ட இறங்கவே வேண்டாம்.

அன்றாட வாழ்க்கையில் உங்களுக்குப் புதிதாக இருப்பது குசினிதான். இந்த உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று பருப்பைப் போட்டால் வேகாது, பிரஷர் குக்கர் கட்டாயம். தோசைக்கு அரைத்த மா இரவு முழுக்க வைத்தாலும் அசையாது. நாங்கள் சட்டியைக் கம்பளியில் சுற்றி அடுப்புத் திண்ணையில் வைப்போம். விறகடுப்பு இருந்தால் நல்லது, கவாத்து வெட்டிய தேயிலை மிலாறு நன்றாக நின்று எரியும். தேங்காயும் மீனும் ஏறி வருவதால் விலையும் ஏறியே வரும். கரட், லீக்ஸ், கோவா மலிவு. தாகமே எடுக்காது, அதனால் தண்ணீர் குடிக்க மறப்பீர்கள், அதில் வரும் தொல்லைகள் தனி.

சரி, நீங்கள் வரலாமா? வீட்டுக்காரருக்கு இந்தப் பக்கம் மாற்றம் கிடைக்கும் என்றாலோ, ஓய்வுக்குப் பிறகு ஒரு சின்னத் தொழில் யோசனை இருந்தாலோ, இங்கே சொந்தம் யாராவது இருந்தாலோ யோசிக்கலாம். செய்ய ஒரு வேலையும் பேச நாலு ஆட்களும் இருந்தால் குளிர் பழகும். யாழ்ப்பாணத்து ஏப்ரல் வெயில் மட்டும்தான் காரணம் என்றால், வீட்டைச் சுற்றி நாலு வேம்பு வைத்து ஓட்டுக்குக் கீழே சீலிங் அடித்துக்கொள்வது மலிவான வைத்தியம். மகனுக்காக என்றால் நுவரெலியாவை விட்டுவிட்டுப் பண்டாரவளை அல்லது வெலிமடைப் பக்கம் பாருங்கள்.

எதுவானாலும் காணிக்கு அட்வான்ஸ் கொடுக்க முன்னால் வாடகைக்கு வந்து இருந்து பாருங்கள். எங்கள் பக்கம் என்றால் ஜூன், ஜூலை, ஊவாப் பக்கம் என்றால் நவம்பர், டிசம்பர். அந்த இரண்டு மாதத்தில் பிள்ளையின் மூச்சும் உங்கள் முழங்காலும் சொல்வதைக் கேட்டு முடிவு எடுங்கள். ஏப்ரலில் மட்டும் வராதீர்கள். அது இங்கே சீசன். பூவும் குதிரை ஓட்டமும் கொழும்புக் கூட்டமுமாக ஊர் வேறு வேஷத்தில் இருக்கும், வாடகையும் இரண்டு மூன்று மடங்காகும். அந்த மாதம் எங்கள் அனெக்ஸையும் நாங்கள் அப்படித்தான் விடுகிறோம்.